வாசகர் கேள்வி–பதில்: மலைக்காட்டில் வேன், மடியில் குறிப்பேடு

வேனையே வீடாக்கிக்கொண்டு மலைக்காடுகளில் முகாமிடுவது பற்றியும், அங்கிருந்தபடி இயற்கைக் குறிப்பேடு எழுதுவது பற்றியும் வந்த கடிதங்களுக்கு இம்முறை பதில் அளிக்கப்படுகிறது. ஒரே பொருளைக் கேட்டிருந்த கடிதங்களை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: நானும் என் கணவரும் பழைய வேன் ஒன்றில் படுக்கை, அடுப்பு, அலமாரி எல்லாம் பொருத்திக்கொண்டு மலைக்காடுகளில் தங்கத் தொடங்கியிருக்கிறோம். நாள்தோறும் இயற்கையைப் பற்றி எழுத வேண்டும் என்று குறிப்பேடும் வாங்கினேன். மாலையில் எழுத உட்கார்ந்தால், "அழகான இடம், நல்ல குளிர், பறவைகள் பாடின" என்பதற்கு மேல் ஒரு வரியும் வருவதில்லை. என்னதான் எழுதுவது?

பதில்: மாலை வரை காத்திருப்பதுதான் தடை. பகல் முழுவதும் பார்த்தவற்றைப் பொழுது சாய்ந்தபின் நினைவிலிருந்து மீட்க முயன்றால், பார்த்த பொருள்கள் மங்கிப்போய், பார்த்தபோது உங்களுக்கு இருந்த மனநிலை மட்டுமே எஞ்சியிருக்கும். அதை எழுதப் புகுந்தால் அழகு, அமைதி, குளிர் போன்ற பொதுச் சொற்கள்தாம் கைக்கு வரும். பொருளின் எதிரே உட்கார்ந்து, அதைப் பார்த்துக்கொண்டே எழுதுங்கள். மாலைப் பொழுதைச் சமையலுக்கு விட்டுவிடலாம்.

பக்கத்தின் தலையில் நாள், மணி, இடத்தின் பெயர், கடல்மட்டத்திலிருந்து உயரம், சரிவு எந்தத் திசையை நோக்கியிருக்கிறது, வெப்பநிலை, காற்று, மேகம் ஆகியவற்றைப் பதிந்துவிடுங்கள். மேகத்தைப் பொறுத்தவரை, வானிலையாளர்கள் செய்வதைப் போல வானத்தை எட்டுப் பங்காகக் கொண்டு, எத்தனை பங்கு மூடியிருக்கிறது என்று எழுதினால் போதும். இந்த வரிகளை எழுதும்போது சலிப்பாகத்தான் இருக்கும். ஆனால் 1,800 மீட்டர் உயரத்தில் ஈரச் சரிவொன்றில் ஒரு செடி அன்றுதான் பூத்திருப்பதையும், இரண்டு நாள் கழித்து 1,200 மீட்டரில் வெயில் படும் சரிவில் அதே செடி காய்த்து முடித்திருப்பதையும் நீங்கள் கண்டால், உயரமும் திசையும் எழுதப்படாத குறிப்பிலிருந்து அந்த வேறுபாட்டுக்கு ஒரு காரணமும் எடுக்க முடியாது.

அடுத்ததாக, காடு முழுவதையும் எழுத முற்படாமல் ஒரே ஒரு பொருளைத் தேர்ந்துகொள்ளுங்கள். அமெரிக்க இயற்கையியலாளரும் ஓவிய ஆசிரியருமான ஜான் முயர் லாஸ் தம் மாணவர்களுக்கு மூன்று தூண்டுகோல்களைச் சொல்லித் தருகிறார்: நான் கவனிப்பது என்ன, எனக்கு எழும் ஐயம் என்ன, இது எனக்கு எதை நினைவூட்டுகிறது. பார்ப்பதற்கு எளிமையாக இருந்தாலும் இம்மூன்றையும் விடாப்பிடியாகப் பயன்படுத்தினால் ஒரு பக்கம் தானாகவே நிரம்பும். விழுந்து கிடக்கும் மரம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன்மேல் தட்டு வடிவக் காளான்கள் அடுக்கடுக்காக இருக்கின்றன. அவற்றில் சில தரைக்கு இணையாக நீண்டிருக்க, சில செங்குத்தாக நிற்கின்றன. இது கவனிப்பு. ஒரே மரத்தில் ஏன் இரண்டு விதம் என்பது ஐயம். இவ்வகைக் காளான்கள் தம் வித்துத் துகள்கள் கீழ்நோக்கி உதிர வேண்டும் என்பதற்காக, அடிப்பக்கம் தரையைப் பார்க்குமாறு வளர்பவை. ஆகவே இப்போது செங்குத்தாக நிற்பவை, மரம் நின்றுகொண்டிருந்த காலத்திலேயே முளைத்தவை. தரைக்கு இணையாக இருப்பவை, அது சாய்ந்தபின் முளைத்தவை. அம்மரம் விழுவதற்கு முன்பே காளான் அதைத் தின்னத் தொடங்கிவிட்டது என்ற செய்தியை, எந்த நூலையும் புரட்டாமல், அங்கேயே உட்கார்ந்து நீங்கள் கண்டறிந்துவிடுகிறீர்கள். இப்படி ஒன்று கிடைத்த நாளில், "என்ன எழுதுவது" என்ற கேள்வி உங்களிடம் இருக்காது.

எண்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். உங்கள் சாணின் அளவையும் ஓர் எட்டின் நீளத்தையும் ஒருமுறை அளந்து குறிப்பேட்டின் உள்ளட்டையில் எழுதிவைத்துவிட்டால், காட்டில் அளவுகோலைத் தேட வேண்டியதில்லை. இல்லாததையும் எழுதுங்கள். நேற்று வரை கேட்ட ஒரு குரல் இன்று கேட்கவில்லை, ஓடைக்கரை ஈரமாக இருந்தும் கால்தடம் ஒன்றும் இல்லை என்பவை முழுமையான பதிவுகளே.

கேள்வி: எனக்கு ஓவியம் சுத்தமாக வராது. படம் இல்லாத இயற்கைக் குறிப்பேட்டுக்கு மதிப்பு உண்டா?

பதில்: உண்டு. ஆனாலும் வரையுங்கள். இங்கே படம் சுவரில் மாட்டுவதற்காக வரையப்படுவதில்லை. கை வரைய வேண்டியிருக்கும்போதுதான் கண் உண்மையாகவே பார்க்கிறது என்பதற்காக வரையப்படுகிறது. இலைகள் தண்டில் எதிரெதிராக அமைந்துள்ளனவா, மாறி மாறி அமைந்துள்ளனவா, விளிம்பில் பற்கள் உண்டா, நடுநரம்பு நுனிவரை செல்கிறதா என்ற கேள்விகளைப் புகைப்படம் உங்களிடம் கேட்பதில்லை, பென்சில் கேட்கும். அசையாத பொருள்களில் தொடங்குங்கள். பறவையை வரையும்போது முதலில் அது உட்கார்ந்திருக்கும் சாய்வை ஒரு கோட்டால் குறித்துவிட்டு, தலையின் நீளத்தோடு ஒப்பிட அலகு எவ்வளவு நீளம் என்பதைப் பாருங்கள். பாதி வரைவதற்குள் அது பறந்துவிட்டால் அப்படத்தை அப்படியே விட்டுவிட்டு அடுத்த நிலையைத் தொடங்குங்கள்; பறவைகள் தமக்குப் பழகிய நிலைக்குத் திரும்பத் திரும்ப வருபவை, அரைகுறைப் படங்களில் ஒன்றிரண்டை முடித்துக்கொள்ள வாய்ப்புக் கிடைக்கும். படத்தின் பக்கத்தில் அம்புக்குறி இட்டு எழுதும் நான்கு சொற்கள், சுமாரான படத்தையும் நல்ல பதிவாக்கிவிடும்.

கேள்வி: மழையிலும் பனியிலும் எழுதுவதற்கு எந்தப் பேனா ஏற்றது?

பதில்: பென்சில். கிராஃபைட் நீரில் கரையாது, உறையாது, உயரத்தில் கசியாது. பால்பாயின்ட் பேனாவின் மை கடுங்குளிரில் கெட்டியாகிவிடும். நீரில் கரையும் மை ஒரு தூறலில் பக்கத்தையே அழித்துவிடும். கோடுகள் நிலைத்திருக்க வேண்டுமானால், நீர் படாத நிறமி மை கொண்ட பேனா ஒன்றை வேனில் வைத்திருந்து, திரும்பி வந்தபின் மேலெழுதிக்கொள்ளலாம். நீர்வண்ணம் தீட்டுபவர்கள், மூடுபனி சூழ்ந்த காட்டில் வண்ணம் காய்வதற்கு நெடுநேரம் ஆகும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். தாளைப் பொறுத்தவரை, சதுர மீட்டருக்கு 200 கிராமுக்குக் குறைந்த தாள் நீர்வண்ணத்தில் நெளிந்துபோகும். எழுத்துக்கு மட்டும் என்றால் சாதாரணத் தாளே போதும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள்: அன்றன்றைய பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்து வையுங்கள். குறிப்பேடுகள் மழையில் நனைவதைவிட, பாறைமேல் மறந்து வைக்கப்பட்டுத் தொலைவதே மிகுதி.

கேள்வி: காலையில் எழுந்தால் வேனின் கண்ணாடிகளில் நீர் வழிகிறது, குறிப்பேட்டின் தாள்கூட நமுத்துப்போகிறது. குளிருக்காக எல்லா ஜன்னல்களையும் அடைத்துவிட்டு, படுக்கும் முன் காஸ் அடுப்பைச் சிறிது நேரம் எரியவிட்டு உள்ளே சூடேற்றுகிறோம். இது சரிதானா?

பதில்: சரியில்லை, இன்றே நிறுத்திவிடுங்கள். மூடிய வேனுக்குள் அடுப்பு எரிந்தால் ஆக்சிஜன் குறைகிறது; எரிதல் முழுமையடையாமல் போய் கார்பன் மோனாக்சைடு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. நாம் மூச்சில் இழுக்கும்போது, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமந்து செல்லும் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் ஒட்டிக்கொள்கிறது. தலைவலியும் மயக்கமும் குமட்டலும் அதன் முதல் அறிகுறிகள். உறங்கிக்கொண்டிருப்பவருக்கு இவை தெரியவே தெரியாது. மலையேறி வந்தவர்கள் அதே தலைவலியை உயரத்தினால் வந்தது என்று எண்ணி விட்டுவிடுவதும் உண்டு. கரி அடுப்பு இன்னும் மோசம். நெருப்பு அணைந்ததுபோல் தோன்றிய பிறகும் கங்கு அந்த வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். வேனில் உறங்குபவர்கள் பேட்டரியில் இயங்கும் கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவி ஒன்றைக் கட்டாயம் பொருத்த வேண்டும். வண்டியைச் சொகுசாக்குவதற்கு எத்தனையோ பொருள்களை வாங்குபவர்கள் இந்தச் சிறு கருவியைத் தள்ளிப்போடுவது எனக்கு விளங்காத ஒன்று.

இனி, ஈரம். உறங்கும் இரண்டு பேரின் மூச்சிலும் தோலிலும் இருந்து ஓர் இரவில் ஏறத்தாழ அரை லிட்டர் நீர் ஆவியாக வெளியேறுகிறது. காஸ் எரியும்போதும் நீராவி உண்டாகிறது. ஆகவே அடுப்பால் சூடேற்றும் நீங்கள் வேனுக்குள் நீரையும் சேர்த்தே நிரப்புகிறீர்கள். குளிர்ந்த கண்ணாடியில் பட்டு அது மீண்டும் நீராகிறது. குளிராக இருந்தாலும் ஒன்றுக்கொன்று எதிரான இரண்டு திறப்புகளை, கூடுமானால் ஒன்று தாழ்வாகவும் மற்றொன்று கூரையருகிலும் இருக்குமாறு, இரவு முழுவதும் சிறிதளவு திறந்து வைப்பதே தீர்வு. வேனைச் சூடாக்குவதைவிட உடலைச் சூடாக வைத்துக்கொள்வது எளிது: நல்ல உறங்குபை, உலர்ந்த காலுறை, அடியில் தடித்த விரிப்பு. சூடாக்கி வேண்டுமென்றே நினைத்தால், எரிகாற்றை வெளியிலிருந்து இழுத்துப் புகையையும் வெளியிலேயே விடும் வகை மட்டுமே வேனுக்கு ஏற்றது.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் குளிரைத் தீர்மானிக்கிறது. பொதுவாக 1,000 மீட்டர் ஏறினால் வெப்பநிலை 6.5 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் குறையும் என்பது பலருக்கும் தெரியும். ஆனால் தெளிந்த, காற்றற்ற இரவுகளில் குளிர்ந்த காற்று கனமாகிச் சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கிவிடுவதால், ஓடைக்கரையில் நிறுத்தியவரைவிடச் சரிவில் சற்று மேலே நிறுத்தியவர் குறைந்த குளிரோடு விழிப்பார். ஓடையருகே நிறுத்தக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: மலையின் மேற்பகுதியில் பெய்யும் மழை, நீங்கள் இருக்கும் இடத்தில் ஒரு துளியும் விழாதபோதே வெள்ளமாக வந்து சேரும். பட்ட கிளைகள் தொங்கும் மரத்தடியையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: கூரையில் சோலார் பலகை இருந்தும் காட்டில் பேட்டரி ஏறுவதே இல்லை.

பதில்: பலகையின் ஒரு பகுதியில் கிளையின் நிழல் விழுந்தாலே மின் உற்பத்தி பெருமளவு சரிந்துவிடும். வேனை நிழலில் நிறுத்திவிட்டு, மடக்கிப் பிரிக்கும் பலகையை நீண்ட கம்பியோடு வெயிலில் கொண்டுபோய் வைப்பது ஒரு வழி. வண்டி ஓடும்போதே, எஞ்சினால் சுழன்று மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரிலிருந்து ஏற்றிக்கொள்வது மற்றொன்று. ஈய–அமில பேட்டரியை 50 விழுக்காட்டுக்குக் கீழே இறக்கிக்கொண்டே இருந்தால் அதன் ஆயுள் விரைவில் முடியும். லித்தியம் பேட்டரி அதைத் தாங்கும் என்றாலும், உறைநிலைக்குக் கீழான குளிரில் அதற்கு மின்னேற்றம் செய்யக் கூடாது.

கேள்வி: செடியைக் காட்டினால் பெயர் சொல்லும், பறவையின் குரலைக் கேட்டால் இனம் சொல்லும் செயலிகள் கைபேசியிலேயே இருக்கும்போது, இத்தனை சிரமப்பட்டு எழுதுவது எதற்கு?

பதில்: செயலிகளை நானும் பயன்படுத்துகிறேன், அவற்றின்மேல் எனக்குப் பகை இல்லை. வரிசை மட்டும் முக்கியம். பெயர் முதலில் கிடைத்துவிட்டால், பார்ப்பது அத்தோடு முடிந்துவிடுகிறது. முதலில் வரையுங்கள், அளவுகளை எழுதுங்கள், குரலை உங்களுக்குத் தோன்றும் ஒலிக்குறிப்பாகவோ ஏறி இறங்கும் கோடாகவோ பதியுங்கள். அதற்குப் பின் செயலி என்ன சொல்கிறது என்று பார்த்து, அதன் விடையையும் "செயலியின் கணிப்பு" என்று தனியே குறியுங்கள். செயலி தரும் பெயர் அதன் தரவில் உள்ள படங்களோடும் ஒலிகளோடும் ஒப்பிட்டுச் சொல்லும் ஊகம். பூவோ காயோ இல்லாத செடிகளிலும் காளான்களிலும் அது தவறுவது சாதாரணம். அதை நம்பி எதையும் வாயில் வைத்துவிடாதீர்கள். மலைக்காட்டில் பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது. மேலும், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை அருகே வரவழைப்பதைத் தவிருங்கள். தன் எல்லைக்குள் வேறொரு பறவை புகுந்துவிட்டது என்று எண்ணி, கூட்டையும் இரையையும் விட்டுவிட்டு அது அலைய நேரிடும்.

கேள்வி: இரவில் வேனை விட்டு இறங்க அச்சமாக இருக்கிறது. விலங்குகள் வேனை நெருங்காமல் இருக்க என்ன செய்வது? இரவைப் பற்றி உள்ளிருந்தே எழுத முடியுமா?

பதில்: இறங்காதீர்கள், அந்த அச்சம் நியாயமானது. விலங்குகளை வேனிடம் இழுப்பது மணம். சமைத்த பாத்திரம், எச்சில், குப்பைப் பை, பற்பசை, சோப்பு எதுவும் இரவில் வெளியே இருக்கக் கூடாது. கரடிகள் வாழும் காடுகளில் உணவை வண்டிக்குள் வைப்பதா, முகாமிடத்தில் உள்ள இரும்புப் பெட்டியில் வைப்பதா என்பதில் இடத்துக்கு இடம் விதி மாறும். வனத்துறையினரிடம் கேட்டு அதன்படி செய்யுங்கள். இரவில் தங்குவதற்கே அனுமதி உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம். கழிவைப் பொறுத்தவரை, குழி தோண்ட அனுமதி உள்ள காடுகளில் நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி, 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்தில் தோண்டி மூட வேண்டும். இதைப் பொழுதோடு முடித்துக்கொள்ளுங்கள்.

எழுதுவதைப் பொறுத்தவரை, வேனைவிடச் சிறந்த மறைவிடம் கிடைப்பது அரிது. நடந்து வரும் மனிதரைக் கண்டதும் விலகும் விலங்குகள் பல, அசையாமல் நிற்கும் வண்டியைப் பொருட்படுத்துவதில்லை. எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு இருபது முதல் முப்பது நிமிடம் காத்திருந்தால் கண் இருட்டுக்குப் பழகும். எழுதும்போது மங்கலான சிவப்பு விளக்கை மட்டும் பயன்படுத்தினால் அந்தப் பழக்கம் கலையாது. பக்கத்தின் நடுவில் வேனைக் குறித்துவிட்டு, ஒவ்வொரு ஒலியும் எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறது என்று சுற்றிலும் குறித்துக்கொண்டே வந்தால் அது ஒலிகளின் வரைபடமாகிவிடும்.

சிள்வண்டுகளும், அவற்றின் உறவான, மரஞ்செடிகளில் வாழும் மரச்சிள்ளான்களும் இருக்கும் காட்டில் இன்னொரு வேலையும் செய்யலாம். இப்பூச்சிகளின் உடல் வெப்பம் சுற்றியுள்ள காற்றைப் பொறுத்தது என்பதால், குளிர் ஏற ஏற அவற்றின் ஒலி மெதுவாகிறது. அமோஸ் டால்பேர் என்னும் அமெரிக்க இயற்பியலாளர் 1897-இல் இத்தொடர்பை ஒரு சூத்திரமாகவே வெளியிட்டார். வட அமெரிக்காவின் ஒருவகை மரச்சிள்ளானுக்கு, 8 விநாடியில் கேட்கும் ஒலிகளின் எண்ணிக்கையோடு 5-ஐக் கூட்டினால் செல்சியஸ் வெப்பநிலை ஏறத்தாழக் கிடைத்துவிடும். உங்கள் காட்டின் பூச்சிக்கு அதே எண் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். வேனுக்கு வெளியே வெப்பமானி ஒன்றைத் தொங்கவிட்டு, மணிக்கு ஒருமுறை ஒலிகளை எண்ணி, வெப்பநிலையையும் பக்கத்தில் எழுதிவந்தால், அந்தப் பூச்சிக்கான சூத்திரத்தை நீங்களே அமைத்துவிடலாம். உறக்கம் வராத இரவுக்கு இதைவிட நல்ல பொழுதுபோக்கை நான் அறியேன்.

கேள்வி: ஒரு மாத விடுப்பில் எத்தனை காடுகளைச் சுற்றி வரலாம்? வேன் இருக்கும்போது ஒரே இடத்தில் கிடப்பது வீண் என்கிறார்கள் நண்பர்கள்.

பதில்: குறிப்பேடு எழுத விரும்புகிறவருக்கு என் பரிந்துரை, இரண்டு இடங்கள், மிஞ்சினால் மூன்று. வேனின் பெருமை நினைத்தபோது கிளம்பலாம் என்பதில் இருப்பதாகப் பலரும் கருதுகிறார்கள். படுக்கையும் அடுப்பும் கூடவே இருப்பதால், கிளம்பாமல் இருக்க முடிகிறது என்பதே எனக்கு அதன் பெருமையாகத் தோன்றுகிறது. முதல் நாளில் எல்லாம் புதிதாக இருப்பதால் எதையும் எதனோடும் ஒப்பிட முடியாது. மூன்றாம் நாள் வாக்கில்தான், பகலில் வெயிலேறியதும் பள்ளத்தாக்கிலிருந்து மேல்நோக்கி வீசும் காற்று, பொழுது சாய்ந்ததும் திரும்பிக் கீழ்நோக்கி வீசுவதை நாள்தோறும் நடப்பதாக உணர்வீர்கள். மூடுபனி எந்த மணிக்கு எந்த மரவரிசை வரை ஏறுகிறது, எந்தக் கிளைக்கு எந்தப் பறவை திரும்ப வருகிறது என்பவையும் அதன் பின்னரே பிடிபடும்.

இப்படித் தங்கி எழுதப்பட்ட குறிப்புகள் எவ்வளவு தொலைவு செல்லக்கூடும் என்பதற்கு ஜோசப் கிரின்னெல் சான்று. கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் 1908-இல் தொடங்கப்பட்ட முதுகெலும்புள்ள விலங்குகளின் அருங்காட்சியகத்துக்கு அவர்தாம் முதல் இயக்குநர். நாள், இடம், உயரம், காலநிலை, கண்ட விலங்கின் நடத்தை என ஒன்றும் விடாமல் அன்றன்றே எழுதும் களக்குறிப்பு முறையை அவர் தம் குழுவினருக்குக் கட்டாயமாக்கினார். அக்குறிப்புகளின் உண்மையான பயன் ஒரு நூற்றாண்டு கழித்தே தெரியவரலாம் என்றும் 1910-இல் எழுதினார். அவருடைய குழுவினர் 1914 முதல் 1920 வரை யோசெமிட்டி மலைப்பகுதியில் முகாமிட்டுப் பதிந்த இடங்களுக்கு, இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் அதே அருங்காட்சியகத்தின் ஆய்வாளர்கள் குறிப்புகளைக் கையில் வைத்துக்கொண்டு மீண்டும் சென்றார்கள். சிறு பாலூட்டிகளில் 28 இனங்களை ஒப்பிட்டதில், ஏறத்தாழ பாதி இனங்களின் வாழ்விட எல்லை சராசரியாக 500 மீட்டர் அளவுக்கு மலையில் மேலே ஏறியிருந்தது. முடிவுகள் 2008-இல் வெளியாயின. முன்பிருந்தவர்கள் எந்த உயரத்தில் எதைக் கண்டார்கள் என்பதோடு, தேடியும் எங்கே காணவில்லை என்பதும் தெரிந்திருந்ததால்தான் அந்த ஒப்பீடு சாத்தியமாயிற்று.

நம் குறிப்பேடு அறிவியல் ஆவணமாக வேண்டியதில்லை. ஆயினும் இந்த ஆண்டு தங்கிய இடத்துக்கே அடுத்த ஆண்டும், இயன்றால் வேறொரு பருவத்தில், சென்று அதே பாறையில் உட்கார்ந்து எழுதினால் இரண்டு ஆண்டுப் பக்கங்களும் ஒன்றோடொன்று பேசும். பல காடுகளில் ஒரே முகாமிடத்தில் தொடர்ந்து தங்குவதற்கு நாள் வரம்பு உண்டு. அதைக் கேட்டறிந்து, வரம்பு முடிந்ததும் அடுத்த இடத்துக்கு நகருங்கள்.

கேள்வி: காட்டில் அரிய ஆர்க்கிட் ஒன்றையும், கழுகின் கூடு ஒன்றையும் கண்டோம். இடத்தின் வரைபடக் குறியீட்டோடு இணையத்தில் பகிரலாமா?

பதில்: குறிப்பேட்டில் துல்லியமாக எழுதுங்கள், இணையத்தில் இடத்தைக் குறிப்பிடாதீர்கள். அரிய ஆர்க்கிட்டுகளைத் தோண்டி எடுத்துச் செல்பவர்கள் இருக்கிறார்கள். கூட்டைப் படமெடுக்க வருபவர்கள் மிகுந்தால் தாய்ப்பறவை முட்டைகளை விட்டுவிட்டுப் போய்விடக்கூடும். மலைத்தொடரின் பெயரளவில் நிறுத்திக்கொள்ளுங்கள். கைபேசியில் எடுத்த படத்துக்குள்ளேயே இடக்குறியீடு பதிந்திருக்கும் என்பதால், பகிர்வதற்கு முன் அதையும் நீக்கிவிட வேண்டும். அப்பகுதியின் வனத்துறைக்கோ, அவ்வினத்தை ஆய்வு செய்யும் பல்கலைக்கழகத் துறைக்கோ முழு விவரத்தையும் எழுதி அனுப்பலாம். நாளும் உயரமும் வரைபடமும் உள்ள உங்கள் பக்கத்தின் நகலை அவர்கள் மகிழ்ச்சியோடு பெற்றுக்கொள்வார்கள்.